மாப்பிள்ளை வண்டிக்கு டயர்

ஜூன் 29, ஞாயிறு

மழை விடவில்லை. ஏலூரிலிருந்து தங்கச்சி அமுதாவும் மாப்பிள்ளையும் பாப்பாவும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். தங்கச்சி வருகிறாளே என்று மட்டன் எடுத்தேன். மாப்பிள்ளை ஆனந்தகுமார் நல்லி எலும்பாகப் பார்த்துப் பொறுக்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, சாப்பிடட்டும்.

கிளம்பும்போதுதான் ஆரம்பித்தார். செருப்புக் காலால் பின்சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டி, "மச்சான், பாத்தீங்களா, பட்டனே இல்ல. முன்னாடி பின்னாடி ரெண்டையும் ஜோடியா மாத்திரணும்" என்றார். ஆமாம் மாப்ள, மழைக்காலம், சீக்கிரம் மாத்திருங்க என்றேன். மடையன் நான். அவர் சிரித்தார்.

"நீங்க குடுத்த வண்டிதானே மச்சான். பாத்துச் செய்ங்க."

பார்த்துச் செய்யவா? நானா?

கல்யாணத்துக்கு வண்டி கொடுத்தது உண்மை. அப்பா போன மறுவருடம், கடன் வாங்கி நான்தான் கொடுத்தேன். ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஓட்டுகிறவர் அவர். பெட்ரோலுக்கு என்னிடம் வந்து நிற்கவில்லை, அந்த மட்டுக்கும் புண்ணியம். தேய்த்தது அவர், மாற்ற வேண்டியது நான் என்றால் இது என்ன நியாயம்? மோதிரம் போட்டால் வருஷா வருஷம் மெருகு போட்டுத் தருவதும் பெண் வீடுதானா? வேட்டி எடுத்துக் கொடுத்தால் துவைத்தும் தர வேண்டுமா?

இதையெல்லாம் அப்போதே கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னது: "பாப்போம் மாப்ள."

அமுதா ஒரு வார்த்தை பேசவில்லை. பாப்பாவை டேங்க் மேல் உட்காரவைத்து, பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திவிட்டு, பின்னால் ஏறிக்கொண்டாள். தெருமுனையில் திரும்பும்போது பின்சக்கரம் ஒரு பக்கமாக வழுக்கியது. நான் பார்த்தேன்.

ஜூன் 30, திங்கள்

விடிந்ததும் உசிலம்பட்டியிலிருந்து அம்மா போன். அதற்குள் தகவல் அங்கே போய்விட்டது.

"மாப்பிள்ள வாயத் தொறந்து கேட்டுட்டாராம்ல. ஆடி பொறக்குறதுக்குள்ள போட்டு விட்ருப்பா. ஆடியில புதுசு எதுவும் ஏத்தக் கூடாது."

"யம்மா, டயருமா சீரு?"

"பொண்ணக் குடுத்த எடம். கேட்டா செய்யத்தான் வேணும்."

ஆடிச் சீர் என்பது கல்யாணமான முதல் வருடத்துக்கு. அதைக் குறைவில்லாமல் செய்தாயிற்று. ஆறாவது வருடத்தில் டயர்ச் சீர் என்று ஒன்று முளைக்கிறது. மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். நான் இந்தக் கொச்சியில், மட்டாஞ்சேரியில் உட்கார்ந்து அப்பளமும் வத்தலும் பாக்கெட் போட்டுக் கடை கடையாகக் கொடுக்கிறவன். விற்றால் காசு. மழையில் அப்பளம் நமத்துப் போனால் அதுவும் கிடையாது. இதை எடுத்துச் சொன்னால், "நீ ஆம்பளப் புள்ள, சமாளிச்சுக்கிருவ" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

நான் ஆம்பளைப் பிள்ளை. அப்போது மாப்பிள்ளை யார்?

ஜூலை 2, புதன்

இன்று நானே விழுந்தேன்.

பஜாரில் மிளகுக் கிடங்குக்கு எதிரே அந்தச் சதுரக் கல் பதித்த இடம். லாரி ஒன்று பின்பக்கமாக வர, பிரேக் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை. அதுபாட்டுக்கு வழுக்கிப் படுத்துவிட்டது. முழங்கையில் தோல் போனது, போகட்டும். பின்னால் கட்டியிருந்த அப்பளப் பெட்டி இரண்டும் தண்ணீருக்குள். கிடங்கில் சுமை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். நல்ல மனுஷன்தான். தூக்கிவிட்டு டயரைப் பார்த்து, "எடா பாண்டி, இது முழுக்க மொட்டையாணல்லோ!" என்று உரக்கச் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். தமிழன் என்றாலே இவர்களுக்குப் பாண்டி. என் பெயரிலேயே அது இருப்பதால் இந்த ஊரில் என்னைக் கேலி செய்கிறவர்களுக்குச் சிரமமே இல்லை. அருண்பாண்டி என்று முழுசாகச் சொன்னால் வாய் வலித்துவிடுமா?

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன். பின் டயரில் நடுவே பட்டன் என்று ஒன்று இல்லை, உள்ளே நூல் தெரிகிறது. முன் டயரில் ஓரமெல்லாம் வெடிப்பு. மாப்பிள்ளை வண்டியைவிட என் வண்டி மோசம். அடுத்தவன் வண்டியைப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்ததில் என் வண்டியைப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரி சங்கரி முழங்கையில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஊரு வண்டிக்கெல்லாம் டயர் போட்டுக் குடுங்க. நம்ம வண்டி ரோட்டுல படுத்துக் கெடக்கட்டும்."

கையில் இருப்பது ஒரு ஜோடி டயருக்கான பணம். அதுவும் ஓணத்துக்குச் சரக்கு எடுக்க ஒதுக்கி வைத்தது. ஒரு ஜோடி, இரண்டு வண்டி. என் வண்டி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. அந்த வண்டி ஓடினால் பின்னால் என் தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாள்.

ஜூலை 4, வெள்ளி

இடப்பள்ளிப் பக்கம் கடைகளுக்குச் சரக்குப் போட்டுவிட்டு, அங்கே ஒரு பெரிய டயர் கடையில் விலை கேட்கலாம் என்று ஏறினேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., காபி மெஷின். ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதையே ஒருத்தன் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் வந்த கார்காரருக்கு நாற்காலி போட்டார்கள். எனக்கு விலையைச் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு நாற்காலி தேவைப்பட்டது எனக்குத்தான்.

டியூப்லெஸ் எடுத்துக்கொள், அதுதான் இப்போது எல்லாரும் போடுவது என்றான். என் வண்டி கம்பி வீல், தம்பி, அதற்கு டியூப் இல்லாமல் காற்று நிற்குமா என்றேன். "ஓ, கம்பியா" என்றான். வண்டி வாசலில்தான் நின்றது. எட்டிப் பார்க்கக்கூட மனசில்லை. விற்க மட்டும் மனசு இருக்கிறது.

ஜூலை 5, சனி

தோப்பும்படி போகிற வழியில் இன்னொரு கடை. சங்கரியும் கூட வந்திருந்தாள். புது டயர், கவர் பிரிக்காதது, ஜோடியாக எடுத்தால் பாதிக்குப் பாதி விலை என்றார் கடைக்காரர். எனக்கு வாயெல்லாம் பல். பணத்தை எடுக்கப் போனேன்.

சங்கரி டயரை உருட்டி உருட்டிப் பார்த்தாள். "இதுல தேதி எங்க போட்டுருக்கு?"

எனக்கு அவமானமாகிவிட்டது. டயருக்கு யாராவது தேதி பார்ப்பார்களா? ஆனால் எங்கள் வீட்டில் அப்பளப் பாக்கெட்டுக்கெல்லாம் தேதி முத்திரை குத்துகிறவள் அவள்தான். "நாப்பது ரூவா அப்பளத்துக்குத் தேதி இல்லன்னா ஆபீசர் வந்து சத்தம் போடுறாரு. உசுரு போற சாமானுக்குப் போடாமயா இருப்பாக?" என்று கேட்டுக்கொண்டே விரலால் தடவிப் போனாள். ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் நாலு எண் இருந்தது. 1118. இது என்ன என்று அவள் கேட்க, கடைக்காரர் பதில் சொல்லாமல் வேறு டயரை எடுக்கப் போனார். அங்கே பஞ்சர் போட வந்து நின்ற ஆட்டோக்காரர்தான் சொன்னார்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2018, பதினோராவது வாரம்.

ஏழு வருடத்துக்கு முந்தின டயர்! கல்யாணத்துக்கு வண்டி கொடுத்ததற்கும் முந்தினது!

கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "டயர் எந்தா பாலாணோ சேச்சி, பிரிஞ்ஞு போகான்?"

"பாலுன்னா அடுப்புல வைக்கும்போதே திரிஞ்சுபோனது தெரிஞ்சிரும்" என்றாள் சங்கரி. "இது ரோட்டுல போகும்போதுல்ல தெரியும்."

வெளியே வந்தோம். கவர் பிரிக்காததாம்! எனக்கு அவனை நினைக்க நினைக்க ஆத்திரம்.

ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்கு நான் செய்ததை எழுதத்தான் வேண்டும்.

ஒரு யோசனை வந்தது. அந்தப் பழைய டயரை மாப்பிள்ளைக்குப் போட்டுவிட்டால்? பார்க்கப் புதுசு. கவர் பிரிக்காதது. மாப்பிள்ளை தேதியா பார்க்கப் போகிறார்? பாதி விலை. மிச்சப் பணத்தில் எனக்குப் பின் டயர் ஒன்று. சீர் கேட்டவருக்குச் சீரும் ஆயிற்று, அம்மாவுக்கு வாயும் அடைத்தாயிற்று. கேட்ட வாய்க்கு அது போதும்.

சங்கரியிடம் சொல்லாமல் தோப்பும்படி போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

டயர் என்ன பாலா?

ஜூலை 8, செவ்வாய்

போனுக்கு அபராதச் செய்தி. வண்டி நம்பர், மாப்பிள்ளை ஓட்டும் வண்டியுடையது. எனக்கு ஏன் வருகிறது? ஏனென்றால் ஆர்.சி. இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. கடன் முடிந்ததும் பேரை மாத்திக்கங்க மாப்ள என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "இருக்கட்டும் மச்சான், நமக்குள்ள என்ன" என்பார். நமக்குள் என்னவா? அவர் ஓட்டுவார், ரோட்டுக் கேமரா படம் பிடிக்கும், நான் கட்டுவேன். இந்த வருடத்திலேயே இது முதல் தடவை இல்லை. கேட்டால், "கட்டி விட்ருங்க, அப்புறம் பாத்துக்கலாம்." அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

எதற்காக அபராதம் என்று படத்தைத் திறந்தேன்.

மாப்பிள்ளை தலையில் ஹெல்மெட் இருக்கிறது. நல்ல ஹெல்மெட், கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டிருக்கிறார். டேங்க் மேல் பாப்பா, வெறும் தலை. பின்னால் அமுதா, அவளும் வெறும் தலை. மழைக்குப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு கையால் அவர் தோளைத் தாண்டி பாப்பாவைப் பிடித்திருக்கிறாள்.

வீட்டில் மூன்று பேர், ஒரு ஹெல்மெட். அது யார் தலையில் இருக்கிறது பாருங்கள்!

அப்புறம் அந்தப் படத்தில் சக்கரத்தைப் பார்த்தேன். அதில் எந்த டயரை மாட்ட நான் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்ததும் உடம்பு கூசிவிட்டது. மாப்பிள்ளையைத் திட்ட எனக்கு என்ன யோக்யதை? அவர் ஹெல்மெட்டை வாங்கித் தரவில்லை. நான் அதற்கும் மேலே போய்விட்டேன். சீ.

ஜூலை 9, புதன்

அந்த டயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அட்வான்ஸ் திரும்பாதாம். சண்டை போட்டதில், பதிலுக்கு இரண்டு டியூப் கொடுத்தான். சங்கரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டியூபை இழுத்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், ஓரமாக வைத்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 10, வியாழன்

அமுதா கூப்பிட்டாள். இடப்பள்ளியில் அவள் வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து, டீ நேரத்தில்.

"அண்ணே, டயர் வாங்காத. நீ விழுந்தியாமே, மதினி சொன்னாக."

"அது ஒண்ணுமில்ல."

"இதக் குடுத்தா அடுத்து பேட்டரிம்பாரு. அப்புறம் செயின். வாங்காதண்ணே."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "இதை அன்னைக்கே அவர் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல? வாயத் தொறந்தியா நீ?"



"அன்னைக்கு நான் பேசியிருந்தா, ஏலூர் வரைக்கும் அந்த மழையில என்னை ஏத்திக்கிட்டுப் போறது நீ இல்லண்ணே. அவரு."

 வாங்கத்தான் போகிறேன் என்றேன். அவருக்காக இல்லை என்றேன். அவள் வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

மட்டாஞ்சேரி படகு ஜெட்டி பக்கம் சிஜு கடையில் முடித்தேன். பெரிய கம்பெனியும் இல்லை, பேர் தெரியாததும் இல்லை, நடுத்தரம். இந்த வருடத்து டயர். நாலு எண்ணையும் நானே தடவிப் பார்த்தேன். சிஜு சேட்டன் வாய் ஓயாமல் பேசுகிற ஆள், விலையில் மட்டும் வாய் திறக்க மாட்டார். குறைக்கச் சொல்லிப் பேசிப் பார்த்து, கடைசியில் ஓணத்துக்கு ஒரு பெட்டி அப்பளம் தருகிறேன் என்றேன்.

"ஐயோ, நிங்ஙள்ட அப்பளம் வேண்டா அண்ணா. அது பொங்கி வரில்லா. பப்படம் உண்டெங்கில் தா."

என் அப்பளம் பொங்காதா? என் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்! டயரைத் திருப்பி வைத்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் பாவம் என்று தோன்றியதோ என்னவோ, மாட்டுகிற கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொல்லி மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "நீங்களே வந்து எடுத்துட்டுப் போய் மாட்டிட்டு வந்துருங்களேன்" என்கிறார். ஏலூருக்கு! நான்! மழையில்! வர முடியாது என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு நாளில் அவரிடம் நான் முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. 

ஜூலை 13, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வந்தார்கள். பாப்பாவைச் சங்கரியிடம் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் சிஜு கடைக்குப் போனோம். என் வண்டியையும் ஓட்டிக்கொண்டு போனேன், பிரேக்கைப் பார்க்கச் சொல்லலாம் என்று. தார்ப்பாய்க்குக் கீழே மாப்பிள்ளை வண்டியை ஸ்டாண்டு போட்டு, அடியில் கட்டையைக் கொடுத்து, சிஜு பின்சக்கரத்தைக் கழற்றினார். மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து நான் வாங்கிக் கொடுத்த சாயாவைக் குடித்துக்கொண்டு புது டயரைப் பார்த்தார்.

"இந்தக் கம்பெனியா மச்சான்? கொஞ்சம் பெரிய கம்பெனியாப் போட்டிருக்கலாமே."

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"டியூப்லெஸ் கெடைக்கலயா?"

கம்பி வீல் மாப்ள, என்றேன். ஓ, என்றார். இடப்பள்ளிக்காரன் சொன்ன அதே ஓ.

அமுதா உட்காரவில்லை. சிஜு பக்கத்திலேயே குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீர் தடவுவது, லிவரை இரண்டு பக்கமும் கொடுத்து டயரை உள்ளே தள்ளுவது, டியூப் மடியாமல் கொஞ்சம் காற்று விட்டுப் பார்ப்பது. பின்சக்கரம் முடிந்து முன்சக்கரத்தை மாட்டப் போகும்போது, "சேட்டா, இந்த அம்புக்குறி எந்தப் பக்கம் பாக்கணும்?" என்று கேட்டாள். சிஜு பேசிக்கொண்டே மாட்டியதில் டயரைத் திருப்பிப் போட்டிருந்தார். தலையில் தட்டிக்கொண்டு மறுபடி கழற்றினார்.

"பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்? வந்து உக்காரு" என்றார் மாப்பிள்ளை. அவள் நகரவில்லை.

அப்போதுதான் அந்தப் பழைய முன் டயர். கழற்றிப் போட்டதைக் காலால் புரட்டிப் பார்த்த சிஜு, இதில் பட்டன் நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் ஒரு வருடம் தாராளமாக ஓடுமே, எதற்கு மாற்றினீர்கள் என்றார். பின் டயர்தான் தேய்ந்தது. ஜோடியாகக் கேட்டது மாப்பிள்ளை. எனக்கு வயிறு எரிந்தது. சரி, எரிந்தும் என்ன செய்ய, என் வண்டி முன் டயர் வெடித்துக் கிடக்கிறது, அளவும் ஒன்றுதான். "சேட்டா, இத என் வண்டியில மாட்டி விட்ருங்க" என்றேன்.

மாப்பிள்ளை கிளாஸைக் கீழே வைத்தார்.

"மச்சான், அது என் டயர்ல?"

"என்ன மாப்ள?"

"இல்ல, சிஜுகிட்டக் குடுத்தா ஏதாச்சும் தருவாருல்ல. பழைய டயருக்கும் வெல இருக்கு."

அவ்வளவுதான். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள் என்று அப்புறம் அமுதா சொன்னாள்.

"உங்க டயரா? எது மாப்ள உங்களது? வண்டி என் பேர்ல. அதுக்குக் கட்டுன கடன் என் பேர்ல. கேமராக்காரன் அனுப்புற அபராதம் என் பேர்ல. புது டயரு என் காசு. நான் ரோட்டுல விழுந்து தோலு போயி நிக்கிறேன், என்ன ஏதுன்னு கேட்டீங்களா? உங்களதுன்னு இதுல என்ன இருக்கு? அந்த ஹெல்மெட்டு! அது ஒண்ணுதான்! பொண்டாட்டி தலைக்கும் இல்ல, பெத்த புள்ள தலைக்கும் இல்ல, உங்க தலைக்கு மட்டும்!"

சிஜு முதல் தடவையாகப் பேச்சை நிறுத்தியிருந்தார். லிவர் கையிலேயே இருந்தது.

மாப்பிள்ளை முகம் கறுத்துவிட்டது. எழுந்து நின்றார். "ஓஹோ. வண்டியச் சொல்லிக் காட்டுறீங்க. அப்ப பேர மாத்தி விட்ருங்க! யாரு வேணாம்னா?"

"மாத்துறேன். நாளைக்கே மாத்துறேன். உங்க ஆதாரக் குடுங்க."

அதில் அவர் கொஞ்சம் நின்றார். யோசிப்பது தெரிந்தது. அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது, ஜெயித்த சிரிப்பு.

"என் பேர்ல எதுக்கு? லைசென்ஸே முடிஞ்சு கெடக்கு, அந்தக் கேமராத் தொல்லையெல்லாம் எனக்கு ஆகாது. அமுதா பேர்லயே போட்டு விட்ருங்க. அபராதம் வந்தா அவளுக்கு வரட்டும்."

எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. பேச வாயெடுத்தேன். அதற்குள் அமுதா, "சரிண்ணே. என் பேர்லயே போடு" என்றாள். சட்டென்று சொன்னாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முன்சக்கரத்தின் அம்புக்குறி இப்போது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய டயர் என் வண்டியில் ஏறியது. புது டயர் ஆரம்பத்தில் வழுக்கும், கொஞ்ச தூரம் ஓடித் தேயும்வரை மெல்லப் போகணும் என்று சிஜு சொன்னார். மாப்பிள்ளை காதில் அது விழவில்லை. அமுதாவும் பாப்பாவும் ஏறியதும் முறுக்கிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஜூலை 14, திங்கள்

அம்மா: "நடுரோட்டுல வச்சு மாப்பிள்ள மானத்த வாங்கிட்டியாமே."

டயர் வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி. ஆன்லைன் சென்டரில் ஆர்.சி. மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று. எனக்கு வந்த ஓடிபியை நானே சொன்னேன். மாப்பிள்ளை வரவில்லை, அமுதா மதியம் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்து கையெழுத்துப் போட்டாள். ஒரு தொல்லை விட்டது. ஆனால் அந்தத் தொல்லையைத் தங்கச்சி தலையில் இறக்கிவைத்திருக்கிறேனே என்று மனசு உறுத்துகிறது. அவளிடமே சொன்னேன். "நீ சும்மா இருண்ணே" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

முதல் அபராதம் அமுதாவுக்குப் போயிருக்கிறது. அதே ஹெல்மெட் விவகாரம். தன் சம்பளத்திலிருந்து கட்டினாளாம். மாப்பிள்ளை என்ன சொன்னாராம் தெரியுமா? "பாத்தியா, நல்லவேளை என் பேர்ல போடல." இப்படி ஒரு மனுஷன்!

நான் போனில் கத்தினேன். அமுதா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிண்ணே, கஸ்டமர் நிக்கிறாக" என்று வைத்துவிட்டாள். என் ரத்தம்தான் கொதிக்கிறது. அவளுக்குக் கோபமே வராதா?

ஆகஸ்ட் 30, சனி

ஓணத்துக்கு அப்பளம் நன்றாக ஓடுகிறது. பொங்காத அப்பளம்! எனக்கு ஒரு பின் டயர் வாங்கி மாட்டிவிட்டேன், சிஜு கடையில்தான், வேறு வழி? மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கிறது. இப்படி நிற்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குப் படுவது?

அமுதா ஒரு மாதத்துக்கு மேலாக பைக் பழகுகிறாளாம். கூட வேலை பார்க்கும் மஞ்சுஷாவின் வண்டியில், வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்து மைதானத்தில். எல்.எல்.ஆர். போட்டு முடித்தாயிற்று. சங்கரிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், "உங்களுக்கு மனசுல நிக்காது, கோவத்துல மாப்பிள்ளைகிட்டப் போட்டு ஒடச்சிருவீக" என்கிறாள்.

நான் உடைத்துவிடுவேனாம். நானா?

சரி, உடைத்திருப்பேன்.

அக்டோபர் 22, புதன்

அமுதா எட்டுப் போட்டுவிட்டாள். கால் ஊன்றாமல். லைசென்ஸ் பாஸ்.

நவம்பர் 9, ஞாயிறு

மாப்பிள்ளை தானாக எனக்குப் போன் செய்தார். ஜூலைக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. குரலே சரியில்லை.

"மச்சான், உங்க தங்கச்சி பண்றது நல்லாருக்கா? சாவியத் தர மாட்டேங்கிறா. லைசென்ஸ் முடிஞ்சவர் கையில என் வண்டியக் குடுத்தா எனக்குத்தான் அபராதம்ங்கிறா. என் வண்டியாம்ல! நீங்க ஒரு வார்த்த கேக்க மாட்டீகளா?"

எவ்வளவு நாள் இதற்காகக் காத்திருந்தேன்! என்னவெல்லாம் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் அவர் கோபத்தைக் கேட்கக் கேட்க, ஜூன் மாதத்து என் குரல் மாதிரியே இருந்தது.

"அவ பேர்ல போடச் சொன்னது நீங்கதானே மாப்ள" என்று மட்டும் சொன்னேன்.

"லைசென்ஸப் புதுப்பிக்க அலையணும் மச்சான். கண்ணு டெஸ்ட் அது இதுன்னு. அதுவரைக்கும் நான் வேலைக்கு எப்படிப் போறது?"

"அவகிட்டக் கேளுங்க."

"அவ கொண்டுபோய் விடுறேங்கிறா." இதைச் சொல்ல அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. "கம்பெனி கேட்டுல எல்லாரும் பாப்பாங்கல்ல மச்சான்."

பார்க்கட்டும் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் அமுதா கூப்பிட்டாள். பின்னால் காற்று அடிக்கிற மெஷின் சத்தம், பெட்ரோல் பங்க் போல.

"அண்ணே, டயருக்குக் காத்து எவ்வளவு வைக்கணும்?"

"முன்னாடி இருபத்தஞ்சு. பின்னாடி, நீ தனியாப் போனா இருபத்தெட்டு. ஆள் உக்காந்தா முப்பத்தாறு."

"ஏங்க, பாப்பா ஹெல்மெட்ட நல்லா இறுக்கி மாட்டி விடுங்க" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. ஏதோ முனகல் பதிலாக வந்தது. அப்புறம் என்னிடம் சொன்னாள்:

"முப்பத்தாறே வச்சுக்கிறேண்ணே. அவரு ஏறிட்டாரு."